கணினிக்கு ஒரு துபாசி

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், முன்னாளில், பொழுது புலருமுன்பே பெரட்டுக் களம் கூடிவிடும். தப்பின் ஓசை கேட்டு லயங்களிலிருந்து இறங்கி வந்தோர் பனியில் வரிசையாக நிற்பர். துரை தம் கட்டளையை ஆங்கிலத்தில் எண்ணுவார். கணக்கப்பிள்ளை அதனைத் தமிழாக்கிக் கங்காணிமாருக்குச் சொல்லுவார். கங்காணிமார், நாலாம் நம்பர் மலையிற் கொழுந்து, ஆறாம் நம்பர் மலையிற் கவ்வாத்து என்று தத்தம் ஆட்களுக்குரைப்பர். ஒரே கட்டளை மூன்று வாய்களைக் கடந்தே மலைக்குப் போய்ச் சேரும். இடையில் நின்றவர் ஒரு சொல்லைப் பிறழக் கேட்டாலும் ஐம்பது பேர் வேறு மலைக்கு ஏறிவிடுவர்.

இக்காலத்திற் பல தோட்டங்களிலே கொழுந்தை மின்தராசு நிறுக்கின்றது. காரியாலயத்திலுள்ள கணினி சம்பளத்தைக் கணக்கிட்டுச் சீட்டை அச்சிட்டுத் தருகின்றது. இக்கணினியோ துரையின் ஆங்கிலத்தையும் அறியாது, தொழிலாளியின் தமிழையும் அறியாது. ஆயினும் மனிதர் எழுதிய விதியின்படி அது கணக்கைச் செய்து முடிக்கின்றது. அவ்வாறாயின் இவ்விரு திறத்தாருக்குமிடையே நின்று மொழிபெயர்க்கும் துபாசி ஒருவன் இருத்தல் வேண்டுமன்றோ? அத்துபாசியே தொகுப்பி எனப்படுவது. அதுவும் ஒரு மனிதனன்று. கணினியினுள்ளேயே ஓடுகின்ற, மனிதரால் எழுதப்பட்ட, ஒரு நிரலேயாம்.

முதற்கண் கணினியின் சொந்த மொழி எத்தகையது என்று நோக்குதல் தகும். மலைநாட்டிற்கு வந்த இளந்துரைமார் தமிழ் கற்பதற்கென்று கைநூல்கள் பல கொழும்பில் அச்சாயின. அவற்றுள் 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. அப்பெயர் ஒன்றே போதும், அவர்கள் கற்ற தமிழின் எல்லையைக் காட்டுவதற்கு. வா, போ, எடு, வை என்னும் ஏவல் வினைகள், எண்ணுப்பெயர்கள், இவற்றுக்கு மேல் அதிகமில்லை. கணினியின் மொழியும் ஏறத்தாழ அத்தகையதே. இன்ன இடத்திலுள்ள எண்ணை எடு, இன்ன எண்ணைக் கூட்டு, கழி, விடையை இன்ன இடத்தில் வை, விடை சுழியாயின் இன்ன படிக்குத் தாவு. இவ்வளவே அதன் இலக்கணம். இவற்றையும் அது சொற்களாக அறியாது. ஒன்று, சுழி என்னும் ஈரிலக்கங்களின் நீண்ட வரிசையாகவே அறியும். பெயரடை, வினையடை, உவமை, இடக்கரடக்கல் முதலியவற்றுக்கு அங்கே இடமில்லை.

இந்த வறிய மொழியில் ஒரு தோட்டத்தின் சம்பளக் கணக்கு முழுவதையும் எழுதுதல் மனிதர்க்கு எத்துணைத் துன்பம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். முதற் கணினிகளை ஆண்டோர் அத்துன்பத்தை அனுபவித்தனர். அவ்வரலாற்றில் தேயிலைக்கும் ஒரு பங்குண்டு என்பது நம் நாட்டவர் பலர் அறியாத செய்தி.

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்னும் கொம்பனி, தேயிலையைக் கலந்து பொதி செய்து விற்பதிலும் தேநீர்ச்சாலைகள் நடத்துவதிலும் பெயர் பெற்றது. 1894இல் இலண்டன் பிக்கடில்லியில் முதற் சாலையைத் திறந்து, பின்னர் இருநூறுக்கு மேற்பட்ட சாலைகளை அது நடத்திற்று. ஒரு கோப்பைத் தேநீரிற் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிது. அதனைக் கணக்கிட்டுக் காக்கும் எழுத்தர் செலவோ பெரிது. இந்நெருக்கடியே அக்கொம்பனியைக் கணினியின் பக்கம் திருப்பியது. 1947இல் அதன் அலுவலர் இருவர் அமெரிக்கா சென்று, அங்கே பிறந்துகொண்டிருந்த மின்கணிப்பொறிகளைப் பற்றி விசாரித்தனர். உங்கள் நாட்டிலேயே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பொறியொன்று உருவாகின்றதே என்னும் செய்தி அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது! திரும்பி வந்ததும் கொம்பனி அப்பல்கலைக்கழகத்துக்கு 3000 பவுண் உதவி, அதற்கு ஈடாக அவர்களுடைய அறிவைப் பெற்றுக்கொண்டது. எட்சாக் என்னும் அக்கேம்பிறிட்ஜ்ப் பொறி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கிற்று. அதனை மாதிரியாகக் கொண்டு லயன்ஸ் கொம்பனி தானே அமைத்த லியோ என்னும் கணினி, 1951ஆம் ஆண்டின் இறுதியில், வெதுப்பகக் கணக்கை வாரந்தோறும் செய்யும் பணியை ஏற்றது. வாணிகக் கணக்கை நாளாந்தப் பணியாகச் செய்த முதற் கணினி அதுவே என்பர். ஏறக்குறைய 6000 வெற்றிடக் குழாய்கள் ஒளிர, ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அப்பொறி, 1954இற் சம்பளக் கணக்கையும் மேற்கொண்டது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒரு தொழிலாளியின் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது. பின்னர்த் தேயிலைக் கலவைக் கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏலத்தில் வாங்கிய பலவகைத் தேயிலைகளுள் எதனை எவ்வளவு சேர்ப்பது, கையிருப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்பனவெல்லாம் அக்குழாய்களினூடே ஓடின.

கேம்பிறிட்ஜ்ப் பொறியில் டேவிட் வீலர் என்னும் இளைஞர் செய்த உபாயம் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. ஈரிலக்க வரிசைகளை மனிதர் எழுதுவது இயலாதென்று கண்ட அவர், கூட்டலுக்கு ஏ என்னும் ஆங்கில எழுத்தையும் கழித்தலுக்கு எஸ் என்னும் எழுத்தையும் எழுதினாற் போதும் என்றாக்கினார். அவ்வெழுத்துகளையும் சாதாரண எண்களையும் படித்து ஈரிலக்கமாக மாற்றும் வேலையைப் பொறியிடமே விட்டார். அதற்கென அவர் எழுதிய ஆரம்பக் கட்டளைகள் 31 மாத்திரமே. கணினியைக் கொண்டே கணினிக்கு மொழிபெயர்ப்பித்த முயற்சிகளுள் மிகப் பழையவற்றுள் இஃதொன்று. எனினும் இங்கே ஓரெழுத்துக்கு ஒரு கட்டளை என்பதே கணக்கு. மேரி கூம்ஸ் முதலிய லியோவின் நிரலாளர்கள், வரி விலக்கு, விடுமுறை, மிகை நேரம் என்பவற்றை எல்லாம் இத்தகைய சிறு கட்டளைகளாக உடைத்து உடைத்தே எழுத வேண்டியிருந்தது.

அடுத்த படியை அமெரிக்காவில் கிறேஸ் ஹொப்பர் அம்மையார் எடுத்து வைத்தார். கணித ஆசிரியையாயிருந்து கடற்படையிற் சேர்ந்தவர் அவர். அடிக்கடி வேண்டப்படும் கணக்குமுறைகளை முன்னரே எழுதி ஒரு நூலகம்போற் சேர்த்து வைத்து, வேண்டியவற்றைப் பொறியே தேடியெடுத்துக் கோவையாக்கும்படி செய்தார். 1952இல் அவர் இதனை வெளியிட்டார். பலவிடத்திருந்தும் எடுத்துத் தொகுத்தமையாலே அதற்குத் தொகுப்பி என்னும் பெயர் வந்தது. பின்னாளில் தொகுக்கும் வேலை சிறிதாகி மொழிபெயர்க்கும் வேலையே பெரிதாயிற்று. ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு சுவையுண்டு. வழிநூல் நால்வகைப்படும் என்று தொல்காப்பியர் வகுத்தவற்றுள் தொகுத்தலும் ஒன்று, மொழிபெயர்த்தலும் ஒன்று. அவ்விரண்டும் இப்பொறியில் ஒரே பெயருள் அடங்கிவிட்டன.

1957இல் ஐ.பி.எம். கொம்பனியில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழுவினர் போர்ட்ரன் என்னும் மொழியையும் அதன் தொகுப்பியையும் வெளியிட்டனர். பொறி செய்யும் மொழிபெயர்ப்பு, கைதேர்ந்த மனிதர் நேரே எழுதும் இயந்திரக் கட்டளைகளுக்கு ஈடாகுமா என்னும் ஐயம் அதுவரை பலரிடம் இருந்தது. ஏறத்தாழ ஈடாகும் என்று அத்தொகுப்பி காட்டிய பின்னரே வழக்கு மாறிற்று. லயன்ஸ் கொம்பனியின் வழியில் வந்த மூன்றாவது லியோவுக்கும் 1960களில் கிளியோ என்னும் மொழி அமைந்தது. கட்டளைகளைத் தெளிவாக உரைக்கும் மொழி என்பதே அப்பெயரின் விரிவு.

இனி, தொகுப்பி எவ்வாறு மொழிபெயர்க்கின்றது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்து 18 கிலோ என்றும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்துக்காகவே. நிரலில் ஒரு வரி இவ்வாறு இருக்கும்:

கூடுதல் = (கொழுந்து − 18) × 40

தொகுப்பி இதனை முதலில் எழுத்தெழுத்தாகப் படித்து உறுப்புகளாகப் பிரிக்கும். கூடுதல் ஒரு பெயர், சமக்குறி ஒரு குறி, அடைப்பு ஒரு குறி, கொழுந்து ஒரு பெயர் என்றிவ்வாறு ஒன்பது உறுப்புகள் கிடைக்கும். இஃது எளிதெனத் தோன்றினும் எளிதன்று. ‘செம்பொன்பதின்றொடி’ என்று உரையாசிரியர்கள் காட்டும் தொடரை நேயர்கள் அறிந்திருப்பர். செம்பொன், பதின்றொடி என்று பிரித்தாற் பத்துத் தொடிப் பொன். செம்பு, ஒன்பதின்றொடி என்று பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. மனிதர் இடம்நோக்கிப் பொருள் கொள்வர். தொகுப்பிக்கு இடம்நோக்கும் ஆற்றல் இல்லை. ஆதலால் நிரல்மொழியை வகுப்போர், இத்தகைய மயக்கத்துக்கு இடங்கொடாது, எங்கே பிரிப்பது என்பதை விதியாகவே கட்டி வைத்துவிடுவர். நம் இலக்கணப் புலவர் எவரும் விரும்பாத அளவுக்கு வறண்ட மொழி அது. ஆனால் அவ்வறட்சியே அதன் பயன்.

அடுத்து, உறுப்புகள் எவ்வாறு இயைகின்றன என்று தொடரிலக்கணம் பார்க்கும். அடைப்பினுள்ளிருக்கும் கழித்தல் முதலில். அதன் விடையைப் பெருக்குதல் அடுத்து. பெருக்கி வந்ததைக் கூடுதல் என்னும் பெயரில் வைத்தல் ஈற்றில். தொகுப்பி இவ்வுறவை ஒரு மரம்போல வரைந்துகொள்ளும். அடைப்பின் ஒரு புறம் விடுபட்டிருந்தால் மரம் அமையாது. அமையவில்லை, இன்ன வரியிற் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். பிழையான வாக்கியத்தை ஊகித்து நிரப்பும் பழக்கம் நல்ல தொகுப்பிக்கு இல்லை.

பின்னர்ப் பொருளை நோக்கும். தொகுப்பி தனக்கென்று ஒரு செக்ரோல் வைத்திருக்கின்றது. நிரலில் வரும் ஒவ்வொரு பெயரும், அஃது எண்ணைக் குறிப்பதா, சொல்லைக் குறிப்பதா என்னும் விவரமும் அதிற் பதியப்படும். செக்ரோலிற் பெயரில்லாதவர் பெரட்டில் நிற்க இயலாதவாறு போல, அங்கே பதியாத பெயர் நிரலில் நிற்க இயலாது. கொழுந்து என்பதைக் கொழுத்து என்று பிழையாக எழுதினால் அந்தப் பெயரைத் தெரியாது என்று மறுத்துவிடும். எடையிருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆளின் பெயரை வைத்து அதிலிருந்து 18ஐக் கழி என்றால், அதனையும் ஏற்காது. பசு வந்தான் என்பதைத் திணை வழு என்று நாம் தள்ளுவதை ஒத்தது இது. எல்லா நிரல்மொழிகளும் இதில் ஒரே அளவு கண்டிப்புடையன அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தேர்வுகளில் தேறிய பின்னரே மொழிபெயர்ப்புத் தொடங்கும். கொழுந்து என்னும் பெயருக்குரிய இடத்திலுள்ள எண்ணை எடு, 18ஐக் கழி, 40ஆற் பெருக்கு, விடையைக் கூடுதலுக்குரிய இடத்தில் வை. மனிதர் எழுதிய ஒரு வரி இயந்திரத்தின் நான்கு கட்டளைகளாயிற்று. ஒரே நிரலைக் கைத்தொலைபேசிக்கும் காரியாலயக் கணினிக்கும் வெவ்வேறு இயந்திர மொழிகளிற் பெயர்க்க நேரிடும். நிரலாளர் இருமுறை எழுதவேண்டியதில்லை, தொகுப்பியே வேறுவேறாகப் பெயர்த்துத் தரும். அன்றியும் அது சிக்கனமறிந்த பிள்ளை. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் ஆறு நாள் என்று நிரலில் எழுதியிருந்தால், ஒவ்வோர் ஆளுக்கும் எட்டை ஆறாற் பெருக்கும்படி விடாது, 48 என்று தானே ஒருமுறை பெருக்கி எழுதிவிடும்.

தொகுப்பியோடு மயங்கற்பாலதான வேறொரு துபாசியும் உண்டு. பெரட்டில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டவுடன் கூறும் கங்காணியைப் போன்றது அது. நிரலை வரிவரியாகப் பெயர்த்து அப்போதைக்கப்போதே நிறைவேற்றும். தொகுப்பியோ, முழுக் கட்டளையையும் வாங்கி, ஆராய்ந்து, முழுவதையும் எழுத்திற் பெயர்த்துக் கையிற் கொடுத்துவிடும். அதன்பின் அதனுடைய உதவி தேவையில்லை. முன்னதில் தொடங்குவது விரைவு. பின்னதில் ஓடுவது விரைவு. தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுதும்படி முத்து அண்ணாமலை என்பார் அமைத்த எழில் என்னும் மொழி முன்னைய வகையினது. ஆனால், இல்லை, முடி என்பனவே அங்கே கட்டளைச் சொற்கள். நம் நாட்டிலும் இத்துறை வெறுமையாயில்லை. கொழும்பிலே பணிபுரியும் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தார் பலெறினா என்னும் மொழியொன்றை 2017இல் அறிமுகஞ் செய்து, 2019இல் அதன் முதலாவது முழுப் பதிப்பை வெளியிட்டனர். அதன் தொகுப்பி, நிரலை நேரே இயந்திர மொழிக்குக் கொண்டுபோகாது, ஜாவா என்னும் மொழிக்கென ஏற்பட்ட இடைமொழியொன்றில் இறக்கி வைக்கின்றது.

இவ்வளவு கண்டிப்பான துபாசி இருக்கச் சம்பளச் சீட்டிற் பிழை வருவானேன் என்று தொழிலாளி ஒருவர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்வியே.

முன் காட்டிய வரியில் அடைப்பை இருபுறமும் நீக்கிவிடுக. இலக்கணம் சிறிதும் பழுதுபடாது. ஆனாற் பெருக்கல் முதலில் நிகழும் என்பது விதியாகையால், 22 கிலோ பறித்தவருக்கு 160 ரூபா வரவேண்டிய இடத்தில், 18ஐ 40ஆற் பெருக்கிய 720ஐ 22இலிருந்து கழித்து, 698 ரூபா அவரே கடன்பட்டதாகக் கணக்கு வரும். தொகுப்பி ஒரு சொல்லும் சொல்லாது. இப்பிழையாவது பெரிதாகையாற் கண்ணிற்படும். கண்ணிற்படாத பிழை வேறு. ‘கொழுந்து 18க்கு மேற்பட்டால் முழுப்பேர், இன்றேல் அரைப்பேர்’ என்று நிரலாளர் எழுதிவிட்டார் எனக் கொள்வோம். 18 கிலோவைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? அவர் 18க்கு மேற்படவில்லை. ஆகவே அரைப்பேர். ‘18க்குக் குறையாவிட்டால்’ என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இலக்கணப்படி செவ்விய வரிகளே. இரண்டையும் தொகுப்பி ஒரே நம்பிக்கையோடு மொழிபெயர்க்கும். எது நியாயம் என்பது அதனுடைய செக்ரோலில் இல்லை.

மலைநாட்டாருக்கு இது புதிய அனுபவமன்று. தொழிலாளியின் கடனைக் காட்டி, அது தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் போகவொட்டாது தடுத்த துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தம் வாழ்வைக் கட்டிய தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைப் படிக்கவியலாத பலர் அத்தாளுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். படித்துச் சொன்னவர் சொன்னதே பொருளாயிற்று. நிரலின் நிலை அதனினும் ஒருவிதத்தில் மேலானது; தொகுப்பி இருப்பதனாலேயே நிரலை மனிதர் வாசிக்கக்கூடிய சொற்களில் எழுத முடிகின்றது. 18க்கு மேற்பட்டால் என்னும் வரியை ஈரிலக்க வரிசையில் எவர் கண்டுபிடிப்பார்?

துபாசியையே ஐயுறவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்று கென் தொம்சன் என்னும் அறிஞர் 1984இல் வெளியான தம் உரையொன்றில் எடுத்துக் காட்டினார். நிரலிற் குற்றமொன்றுமில்லாதிருக்க, தொகுப்பியே களவாக ஒரு கட்டளையைச் செருகிவிடுமாறு அமைக்கலாம். அச்செருகலைத் தன் அடுத்த பதிப்புக்கும் அது கொடுத்துச் செல்லும். மூலத்தை எத்தனைமுறை வாசித்தாலும் அகப்படாது. இஃது அரிதாக நிகழ்வது. சம்பளச் சீட்டில் வரும் பிழைக்கு இத்துணை தூரம் தேடிப்போக வேண்டியதில்லை.

லியோவின் சம்பளக் கணக்கை லயன்ஸ் கொம்பனியார் உடனே நம்பிவிடவில்லை. எழுத்தர் கையாற் செய்த கணக்கோடு ஒத்திட்டுப் பார்த்த பின்னரே பொறியிடம் ஒப்படைத்தனர். அம்முறை எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். 17 கிலோ ஒருவர், 18 கிலோ ஒருவர், 22 கிலோ ஒருவர் என மூன்று பெயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாற் போதும். முதலாமவருக்கு அரைப்பேர், இரண்டாமவருக்கு முழுப்பேர், மூன்றாமவருக்கு முழுப்பேரும் 160 ரூபாவும் என்று கைக்கணக்குச் சொல்லுகின்றது. இரண்டாம் பெயருக்கு நேரே அரை என்று அச்சாகி வருமாயின், அச்சீட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அந்த வரியை எழுதியவரிடம் போதல் வேண்டும்.